மாப்பிள்ளைக்கு என்ன வேணும்? குதிரையைக் கேளுங்க!

பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் கார் இருக்கிறதா, கடன் இருக்கிறதா, சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று எல்லாவற்றையும் விசாரித்தவன் நான். குதிரை இருக்கிறதா என்று விசாரிக்கத் தோன்றவில்லை. உங்களுக்கு மட்டும் தோன்றியிருக்குமா, சொல்லுங்கள்?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எட்டு ஏக்கர் தோட்டம். தென்னை, மஞ்சள், கொஞ்சம் வாழை. பையன் இன்ஜினீயரிங் படித்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். "கெட்ட பழக்கம் ஒண்ணுகூடக் கிடையாதுங்க" என்று தரகர் சத்தியம் செய்தார். 2013-ல் கல்யாணம். மறுவீடு போன அன்றுதான் தென்னந்தோப்புக்குள்ளிருந்து அந்தக் கனைப்புச் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் இல்லீங்க மாமா, நம்ம செவலை" என்றார் மாப்பிள்ளை, கூடப்பிறந்த தங்கச்சியை அறிமுகம் செய்து வைக்கிற மாதிரி.

ஈரோடு திரும்பியதும் தரகரைப் பிடித்தேன். மனிதர் அசரவில்லை. "குதிரை கெட்ட பழக்கத்துல வராதுங்களே!"

செவலை பெண் குதிரை. காத்தியவார் ஜாதி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடுகிற சந்தையில் வாங்கியது. அந்த ஜாதிக்குக் காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து, நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். யாரோ தலைக்கு மேல் கைகூப்பி வணக்கம் போடுகிற மாதிரி இருக்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் 34 வருஷம் ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்து ரிடையர் ஆனவன். எனக்கும் குதிரைக்கும் இருந்த ஒரே சம்பந்தம், சின்ன வயதில் பழனியில் குதிரை வண்டியில் ஏறியது. அதிலும் வாந்தி எடுத்தேன்.

தலை தீபாவளி வந்தது. மோதிரம் போட்டாகிவிட்டது, துணிமணி எடுத்தாகிவிட்டது. "மாப்பிள்ளைக்குப் பிடிச்ச மாதிரி ஏதாவது ஒண்ணு தனியா வாங்கணுங்க" என்றாள் என் மனைவி. அவருக்குப் பிடித்தது என்ன? குதிரை. சரி! ஈரோட்டில் கடை கடையாக ஏறி, சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று வாங்கினேன். ஏழு வெள்ளைக் குதிரைகள் கடலோரம் பாய்ந்து வருகிற அந்தப் படம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதி தமிழ்நாட்டின் வரவேற்பறையில் அதுதானே ஓடிக்கொண்டிருக்கிறது? வாஸ்துவுக்கும் நல்லதாம்.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க மாமா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொங்கலுக்குப் போனபோது படத்தைத் தேடினேன். மாட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஏழு குதிரை. எதிர்ச் சுவரில் மூன்றாவது ஏழு குதிரை. மொத்தம் 21! சித்தப்பா ஒன்று, பெரியம்மா வீட்டில் ஒன்று, நான் ஒன்று. ஷோகேஸில் பித்தளைக் குதிரை, பீங்கான் குதிரை, வயிற்றில் கடிகாரம் வைத்த குதிரை. டீ வந்த கப்பில் குதிரை. பைக் சாவியில் குதிரை. "குதிரைக்காரர்னா சொந்தக்காரங்களுக்கு வேற யோசனையே வராதுங்கப்பா" என்று சிரித்தாள் என் மகள்.

குதிரைப் பொம்மையைக் காணிக்கையாகக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அய்யனார். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவி எடுப்பு என்று விழாவே நடத்தி, மண் குதிரைகளை ஊர்வலமாகக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்கள். அவருக்குச் சௌகரியம். மண் குதிரைக்கு லத்தி அள்ள வேண்டியதில்லை.

மாப்பிள்ளை அள்ள வேண்டியிருந்தது. லத்தி என்றால் குதிரைச் சாணம். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் போடும். விடிகாலை 4.30-க்கு எழுந்து லாயம் கூட்டி, தண்ணீர் தொட்டி கழுவி, தீனி வைத்து, நாலு குளம்பையும் தூக்கிக் கொக்கியால் சுரண்டிச் சுத்தம் செய்து, உடம்பு தேய்த்து, நடத்திக்கொண்டு வந்து... மறுபடி சாயங்காலமும் முக்கால்வாசி இதே கதை. மாட்டுக்குக்கூட இவ்வளவு இல்லை.

"குதிரைக்கு ஞாயித்துக்கிழமை கிடையாதுங்க மாமா" என்பார்.

அதுதான் சொந்தத்தில் பெரிய பொல்லாப்பு. கல்யாண வீட்டுக்கு வந்தால் பந்திக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். "செவலைக்குத் தண்ணி காட்டணுங்க." என் அண்ணன் மகன் கல்யாணத்தில் இப்படி நடந்தபோது, என் அக்கா நாலு பேர் காதில் விழும்படி, "குதிரைக்குத்தான் தாலி கட்டியிருக்காரு போல" என்றார். என் மகள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். சினிமாவுக்குப் போய் இடைவேளையோடு வீடு திரும்பிய ஜோடி அவர்கள். கல்யாணமான புதிதில் ஊட்டிக்கு ஒரே ஒரு நாள் போனார்கள். ஏரிக்கரையில் மனைவியோடு படம் எடுத்துக்கொள்ளாமல், அங்கே வாடகைக்கு நின்ற குதிரைகளின் குளம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாராம் மனிதர்!

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. மனைவியிடம் மட்டும் சொன்னேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட முடியுமா?

2019 பட்டிப் பொங்கல். (மற்ற ஊர்களில் மாட்டுப் பொங்கல் என்பார்கள்.) சாயங்காலம் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பட்டியில் பூஜை போட்டு, பொங்கல் ஊட்டினோம். மாப்பிள்ளை மோட்டார் பழுது பார்க்கத் தோட்டத்துக் கோடிக்குப் போயிருந்தார். செவலை தனியாக லாயத்தில் நின்றுகொண்டு எங்களையே பார்த்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், மாடுகளுக்கெல்லாம் பொங்கல், இதற்கு மட்டும் ஒன்றும் இல்லையா? ஒரு பக்கெட் நிறைய சர்க்கரைப் பொங்கல், மேலே ஒரு சீப்பு வாழைப்பழம், உடைத்த வெல்லம் ரெண்டு உருண்டை. எடுத்துக்கொண்டு போனேன். நாலு வயசுப் பேத்தி மட்டும் பின்னாலேயே வந்தாள்.

கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும் என்பார்களே, பொங்கலுக்கு எப்படித் திறந்தது என்கிறீர்கள்! பக்கெட்டை நக்கி எடுத்துவிட்டது. நான் பூரித்துப்போனேன்.

ராத்திரி பதினொன்று இருக்கும். மாப்பிள்ளை கதவைத் தட்டினார். "மாமா, கொஞ்சம் டார்ச் பிடிக்க வர்றீங்களா?" குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் செவலை முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. படுத்து உருளப் பார்த்தது, அவர் கயிற்றைப் பிடித்து எழுப்பி நடத்தினார். நான் டார்ச் பிடித்தேன். அது பழைய டார்ச். ரெண்டு தட்டு தட்டினால்தான் எரியும். டாக்டருக்குப் போன் போடுவதா, கயிற்றைப் பிடிப்பதா, டார்ச்சைத் தட்டுவதா? மூன்று பேருக்கு ஆறு கை போதவில்லை.

கால்நடை டாக்டர் வந்து சேர ஒன்றரை மணி ஆகிவிட்டது. வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். ஈறைத் தூக்கி நிறம் பார்த்தார். "என்ன தீனி போட்டீங்க?"

"வழக்கமா போடுறதுதானுங்க. புல்லு, தவிடு, கொஞ்சம் கொள்ளு" என்றார் மாப்பிள்ளை.

"வேற எதுவும் கொடுக்கலியே?"

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதுவதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. 64 வயசு மனுஷன், ஒரு உயிர் துடிக்கிறது கண் முன்னால், மருமகன் முன்னால் மானம் போகுமே என்று டார்ச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூக்கம் கலைந்து அம்மா இடுப்பில் உட்கார்ந்திருந்த பேத்திதான் சொன்னாள்:

"அப்புச்சி பக்கெட்டுல பொங்கல் குடுத்தாங்க. வாழப்பழமும் குடுத்தாங்க."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. மூக்கு வழியாக நீளக் குழாயை மெதுவாக வயிற்றுக்குள் இறக்கிக்கொண்டே பாடம் நடத்தினார். (அந்தக் காட்சியை நான் பாதி கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.) மாட்டுக்கு வயிறு நாலு அறை. அதில் ஒரு அறையே நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அசை போடும், ஏப்பம் விடும், எப்படியாவது சமாளித்துக்கொள்ளும். குதிரை ஆள்தான் பெரிசு. வயிறு அதிகம் போனால் 15 லிட்டர். அதைவிட விசேஷம், குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது. வயிற்றின் வாசலில் இருக்கிற தசை அத்தனை இறுக்கம். உள்ளே போனது போனதுதான். மாவும் சர்க்கரையும் ஒரேயடியாகப் போனால் பெருங்குடலில் புளித்துக் காற்றும் அமிலமும் உண்டாகும். வயிற்று வலியில் தொடங்கி, குளம்புக்குள் வீக்கம் வந்து நிரந்தர நொண்டியாகிறவரைக்கும் போகும். உயிரும் போகும்.

"நீங்க பாசத்துலதான் குடுத்தீங்க. ஆனா குதிரைங்களுக்குப் பெரும்பாலும் பாசத்துலதான் வலி வருது" என்றார் டாக்டர். வலிக்கு ஊசி போட்டார். குழாய் வழியாக லிக்விட் பாரபின் விட்டார். இனி காத்திருக்க வேண்டியதுதான், வயிறு வேலை செய்ய ஆரம்பித்தால் லத்தி போடும், போட்டால் பிழைத்தது என்றார்.

காத்திருந்தோம். மாப்பிள்ளை ஒரு சுற்று, என் மகள் ஒரு சுற்று, நான் ஒரு சுற்று என்று கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்தினோம். அதுவரை குதிரைக்குப் பத்தடி தள்ளியே நின்றவன் நான். அன்று அதன் மூச்சு என் தோளில் பட்டது. சூடாக இருந்தது. அது அவ்வப்போது நின்று விலாவைத் திரும்பிப் பார்க்கும். பிறகு என்னைப் பார்க்கும். எதற்காகப் பார்த்ததோ! எனக்கு அது பழி சொல்கிற மாதிரியே இருந்தது. மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

விடிகாலை ஐந்தே முக்காலுக்குச் செவலை வாலைத் தூக்கியது.

ஒரு லத்திக்கு ஒரு குடும்பமே கைதட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். மாப்பிள்ளை குனிந்து அதைக் கையில் எடுத்துப் பிட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். என் மனைவி உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள்.

குளம்பு வீங்காமல் இருக்க ரெண்டு நாள் காலை ஐஸ் தண்ணீரில் நிற்க வைக்கச் சொன்னார் டாக்டர். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு ஓடினேன். ஆறு வருஷத்தில் அந்த வீட்டுக்கு நான் கொண்டுபோன முதல் உருப்படியான பரிசு, சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி.

* * *

அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு மாசம் முன்பே போய் உட்கார்ந்துகொண்டேன். "மாப்பிள்ளை, இந்தத் தடவை நீங்களே சொல்லுங்க. என்ன வேணும்?"

"எதுக்குங்க மாமா அதெல்லாம்... ஒண்ணும் வேண்டாங்க."

அவர் சொல்ல மாட்டார். மாமனாரிடம் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. என் மகள்தான் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். வாங்க வேண்டிய சாமான் என்று அவரே பென்சிலால் கிறுக்கி வைத்த பட்டியல். பருப்பு, எண்ணெய்க்கு நடுநடுவே குதிரைச் சமாச்சாரம். அதில் ஒன்றிலாவது குதிரைப் படம் இருக்கும் என்கிறீர்களா? ம்ஹூம்!

முதல் ஐட்டமே எனக்குச் சுருக்கென்றது. நெற்றியில் கட்டிக்கொள்கிற டார்ச். ரெண்டு கையும் ஃப்ரீயாக இருக்குமாம். அன்றைக்கே இருந்திருந்தால் நான் டார்ச் பிடிக்கிற சாக்கில் ஊமையாக நின்றிருக்க முடியாது. இரண்டு வாங்கினேன்.

அடுத்தது தெர்மாமீட்டர். "நம்ம வீட்டுலயே ஒண்ணு சும்மாதானே கிடக்குது, குடுத்துடலாமுங்க" என்றாள் என் மனைவி. குதிரைக்கு அதை வாயில் வைப்பதில்லை என்று மகள் விளக்கினாள். எங்கே வைப்பார்கள் என்பதையும் விளக்கினாள். ஒரு முனையில் நூல் கட்டி வாலோடு கிளிப் போட்டுவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் உள்ளே போய்விடுமாம். என் மனைவி வீட்டுத் தெர்மாமீட்டரைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். புதிதாகவே வாங்கினோம். நலமாக இருக்கும் குதிரைக்கு 99-லிருந்து 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. இப்போது எனக்கு என் பிரஷரைவிட அது நன்றாக மனப்பாடம்.

'குதிரைமசால்' என்று ஒரு ஐட்டம். "குதிரைக்கு மசாலாவா? கடைப்பொடி எதுக்கு, நான் கையாலேயே அரைச்சுக் குடுத்துடறேன்" என்று கிளம்பிவிட்டாள் என் சகதர்மிணி. அது மசாலா இல்லை, தீவனப் பயிர். பயறு வகை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஏராளம். ஒரு தடவை விதைத்துவிட்டால் முதல் அறுப்புக்கு 75, 80 நாள். அப்புறம் 25, 30 நாளுக்கு ஒரு தடவை அறுத்துக்கொண்டே இருக்கலாம். 25 சென்டுக்கு 2 கிலோ விதை வாங்கிக் கொடுத்தேன். தீபாவளி சமயம் விதைப்புக்கும் சரியாக இருந்தது. ஏழு குதிரைப் படம் ஏழு ஜென்மத்துக்கும் அறுப்புக்கு வராது, பாருங்கள்! (ஆனால் புதுத் தீவனத்தை ஒரே நாளில் மாற்றிவிடக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இதை நான் இப்போது எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன், கேட்காவிட்டாலும்.)

நக்குவதற்கு உப்புக் கட்டி, கண்ணில் ஈ மொய்க்காமல் இருக்க வலை முகமூடி, நல்ல கனமான ரெண்டு பக்கெட்... இதெல்லாம் பெரிய செலவே இல்லை. வேர்வையோடு உப்பு நிறையப் போய்விடுகிற பிராணி குதிரை. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஐட்டம் ஒன்று உண்டு. பைசா செலவில்லை. பழைய பருத்தி வேட்டி, துண்டு, பெட்ஷீட்! வேர்வை துடைக்க, காலுக்குக் கட்டுப் போட, மழைக்கு முதுகில் போர்த்த... துவைத்து மடித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனேன். பட்டு வேட்டி கொடுத்தபோது வராத சந்தோஷம் அந்த மூட்டையைப் பிரித்தபோது மாப்பிள்ளை முகத்தில் வந்தது. 34 வருஷ ஆபீஸ் வேட்டிகள் செவலையின் கால்களில் இன்று பணியைத் தொடர்கின்றன.

கடைசி வரியில் 'லாடக்காரர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. குதிரைக் குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, குளம்பை வெட்டிச் சமப்படுத்தி, மறுபடி அடிக்க வேண்டும். விட்டால் நடையே கோணிவிடும். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர்களே குறைந்துவிட்டார்கள். குதிரைக்கு அடிக்கத் தெரிந்தவர் கிடைப்பது நிஜமாகவே குதிரைக் கொம்பு. வண்டிச் சத்தம் கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. "இந்த வருஷம் பூரா லாடக்காரர் செலவு என்னோடது" என்றேன். மாப்பிள்ளை மறுத்தார். "பொங்கலுக்கு நான் செஞ்ச செலவுக்கு இது வட்டிகூட ஆகாது மாப்பிள்ளை" என்றதும் சிரித்துவிட்டார். அந்தப் பொங்கலைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு விஷயத்தில் சறுக்கப் பார்த்தேன். சேணம் வாங்கித் தந்துவிடலாம் என்று ஆசை. தோல் சேணம், பார்க்கவும் ஜோராக இருந்தது. நல்லவேளை, மகள் தடுத்தாள். "ஏனுங்கப்பா, அளவு ஜாக்கெட் குடுக்காம அம்மாவுக்கு ஜாக்கெட் தைப்பீங்களா?" ஒவ்வொரு குதிரைக்கும் முதுகு ஒவ்வொரு அளவு. பொருந்தாத சேணம் முதுகில் புண் வைத்துவிடும். கடிவாளமும் அப்படித்தான். ஆக, குதிரையின் உடம்பில் ஏறுகிற எதையும் சொந்தக்காரரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. வாய்க்குள் போகிற எதையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இரண்டாவதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த அசட்டுத்தனத்தில் எனக்கு முன்னோர்கள் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கிப் பொன்னைக் கொட்டுகிறார்களாம் ராஜாக்கள். வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றனவாம். காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லையாம். விற்கிற வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவும் விடுவதில்லையாம். வந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே! தீனி என்ன தெரியுமா? இறைச்சியும் அரிசியும் சேர்த்து வேகவைத்ததாம். அதாவது, கிட்டத்தட்ட பிரியாணி! சர்க்கரைப் பொங்கலோடு நிறுத்திய நான் எவ்வளவோ தேவலை என்று மாப்பிள்ளையிடம் வாதாடிப் பார்த்தேன். "பாண்டியர் லாயத்துல அப்புச்சி மாதிரி ஒரு டஜன் பேர் இருந்திருப்பாங்க போல" என்றார் மகளிடம்.

நிற்க. காலண்டர் பட்டியலில் இல்லாத ஒன்றும் இருந்தது. அதை மாப்பிள்ளையும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. எனக்கே தோன்றியது. தோன்ற நாலு வருஷம் ஆனது என்பதுதான் கொடுமை.

அந்த நாலு வருஷத்தில் நான் மாதம் ஒரு தடவையாவது போய்த் தங்கி, லாயம் கூட்டக் கற்றுக்கொண்டேன். முதலில் லத்தி மட்டும். அப்புறம் தண்ணீர், தீனி அளவு. ஆறாவது மாதம் குளம்பு தூக்கினேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தைலம் தேய்த்தது தனிக்கதை. செவலை எப்படி நின்றால் சந்தோஷம், எப்படி நின்றால் வயிறு சரியில்லை, எந்த நிமிஷம் டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தது. டாக்டர் நம்பரை லாயத்துச் சுவரில் பெயிண்டால் பெரிதாக எழுதி வைத்தேன்.

2023 தீபாவளிக்குக் கவரை நீட்டினேன். உள்ளே ராமேஸ்வரம், கன்னியாகுமரிக்கு டிக்கெட். நாலு நாள். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. செவலையை நான் பார்த்துக்கறேன்."

மாப்பிள்ளை கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லாயத்தைப் பார்த்தார். "மாமா... பொங்கல் எதுவும் வைக்க மாட்டீங்களே?"

"வைக்க மாட்டாங்க. நான் அரிசியை ஒளிச்சு வெச்சுட்டுத்தான் ஊருக்கு வர்றேன்" என்றாள் மகள். பத்து வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

போனார்கள். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ராமேஸ்வரத்திலிருந்து போன். பின்னால் அலைச் சத்தம், பேத்தி கத்துகிற சத்தம். தரிசனம் ஆச்சா, சாப்பிட்டீங்களா, ரூம் வசதியா என்று நான் கேட்டுக்கொண்டே போகிறேன். மனிதர் எதற்கும் பதில் சொல்லவில்லை.

"ஏனுங்க மாமா, செவலை லத்தி போட்டுச்சுங்களா?"

"காலைல இருந்து எட்டுத் தடவைங்க மாப்பிள்ளை. எட்டும் கெட்டியா, நல்ல உருண்டையா இருக்குது. ஒன்பதாவதுக்கு வாலைத் தூக்கிட்டு நிக்குது, போனை வைங்க!"